இழுத்துச் செல்லும் கேபின் படகு: சாலை கொடுப்பதும் சாலை எடுப்பதும்

[காட்சி: நெடுஞ்சாலையில் ஒரு ஜீப் வகை வாகனம், அதன் பின்னால் டிரெய்லரில் ஏழு மீட்டர் கேபின் படகு.]

வணக்கம். படுத்துறங்க ஒரு கேபின், சமைக்க ஓர் அடுப்பு, மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஒரு கூரை ஆகியவற்றோடு கூடிய மோட்டார் படகைச் சொந்த வாகனத்தின் பின்னால் பூட்டி, விரும்பிய ஏரிக்கோ ஆற்றுக்கோ கடலோரத்துக்கோ கொண்டுபோய் இறக்கிவிடலாம் என்பது, படகுப் பயணத்தில் ஆர்வமுள்ள எவரையும் ஈர்க்கும் ஏற்பாடு. ஆறு மீட்டரிலிருந்து எட்டு மீட்டர் வரை நீளமுள்ள இத்தகைய படகுகளின் நிறைகுறைகளை இந்த வீடியோவில் எடைபோட்டுப் பார்க்கிறோம். என் முடிவைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் படகுகளின் நல்ல குணங்களும் தொல்லைகளும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. அந்த இடம் சாலை. ஆகவே இவற்றைத் தண்ணீரில் வைத்து மதிப்பிடுவதற்கு முன், டிரெய்லரின் மேல் வைத்து மதிப்பிட வேண்டும்.

[காட்சி: படகின் பின்புறத் தோற்றம், அகலத்தைக் காட்டும் அளவுக்கோடு.]

முதலில் அகலத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் முக்கிய நெடுஞ்சாலைகளில் சிறப்பு அனுமதி இல்லாமல் செல்லக்கூடிய வாகனத்தின் உச்ச அகலம் 102 அங்குலம், அதாவது 2.59 மீட்டர். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது பொதுவாக 2.55 மீட்டர். ரேஞ்சர் டக்ஸ் ஆர்-25, சி-டோரி 25 போன்ற பெயர்பெற்ற மாதிரிகள் 8 அடி 6 அங்குல அகலத்தில், அதாவது அதே 2.59 மீட்டரில், வந்து நிற்பதற்குச் சாலை விதியே காரணம். நிரந்தரமாகத் துறையில் கட்டி வைப்பதற்கென்றே உருவாக்கப்படும் படகுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஏறத்தாழ இதே நீளத்தில் அது 3 மீட்டரை நெருங்கும் அளவுக்கு விரிய முடியும்.

அரை மீட்டர்தானே என்று எண்ணிவிடக் கூடாது. படகு பக்கவாட்டில் சாயும்போது அதை எதிர்த்து நிமிர்த்தும் ஆற்றலில், படகின் வடிவம் தருகிற பங்கு, நீர்மட்டத்தில் உள்ள அகலத்தின் முப்படியைச் சார்ந்தது. அகலம் 3 மீட்டரிலிருந்து 2.5 மீட்டராகக் குறைந்தால், மற்ற அளவுகள் மாறாத நிலையில், அந்தப் பங்கு ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்துவிடுகிறது. இந்தக் குறுகிய அடித்தளத்தின் மேல்தான், ஆறடி மனிதர் நிமிர்ந்து நிற்கும் உயரத்துக்கு ஒரு கேபினை எழுப்புகிறார்கள். அதனால் நங்கூரமிட்டு நிற்கும்போது, கடந்துபோகும் படகின் அலை ஒவ்வொன்றும் உள்ளே இருப்பவரை ஆட்டிவிட்டுப் போகிறது. துறையை நோக்கி மெதுவாக நெருங்கும்போது, பக்கக் காற்று உயரமான கேபின் சுவரைப் பிடித்து முன்பகுதியைத் தள்ளுகிறது. நிற்கும் உயரம் உள்ள சிறிய படகு வேண்டும் என்று கேட்பவர்கள், அதற்கான விலையைக் காற்றடிக்கும் நாளில் செலுத்துகிறார்கள். குனிந்து நுழையும் கேபினே போதும் என்று சொல்ல முடிந்தவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

[காட்சி: எடை மேடை; திரையில் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும் எண்கள்.]

அடுத்தது எடை. இந்த விஷயத்தில் சற்று நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஏனென்றால், வாங்கிய பின் மனம் வருந்துபவர்களில் பலர் இடறிய இடம் இதுதான். விற்பனைக் கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும் எடை பெரும்பாலும் வெறும் படகின் எடை. அதில் எரிபொருளும் குடிநீரும் சேராது. சில கையேடுகளில் இயந்திரமும் சேராது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். வெறும் படகு 1,900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். படகின் பின்சுவரில் வெளிப்புறமாகப் பொருத்தப்படும், 150 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு இயந்திரம் 200 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். 210 என்று கொள்ளலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றே குறைவு என்பதால் 280 லிட்டருக்கு இன்னொரு 210. குடிநீர் 80 லிட்டர் என்றால் 80 கிலோ. இரண்டு பேட்டரிகள், நங்கூரமும் சங்கிலியும், படுக்கை, பாத்திரங்கள், உணவு, கருவிகள் எல்லாம் சேர்ந்து எளிதாக 240 கிலோவைத் தொடும். இவற்றைச் சுமக்கும் டிரெய்லரே 650 கிலோ. கூட்டிப் பார்த்தால் 3,290 கிலோ. கையேட்டைப் பார்த்து இரண்டு டன்னுக்குள் அடங்கும் படகு என்று நம்பியவர், உண்மையில் இழுக்கப்போவது மூன்றேகால் டன்னுக்கும் மேல்.

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரிய இழுவை வாகனங்களுக்கே பொதுவாக 3,500 கிலோதான் உச்ச வரம்பு. சாதாரணக் குடும்பக் காரின் வரம்பு அதில் பாதியைக்கூடத் தொடாமல் இருக்கலாம். இழுவைத் திறனோடு சேர்த்து, வாகனமும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்குத் தனி வரம்பு உண்டு. டிரெய்லரை வாகனத்தோடு இணைக்கும் கொக்கியின் மேல் இறங்கும் எடைக்கும் வரம்பு உண்டு. படகு டிரெய்லர்களில் மொத்த எடையின் 5 முதல் 10 சதவீதம் வரை கொக்கியின் மேல் இருக்க வேண்டும் என்பது பரவலான நடைமுறை. அது குறைந்துபோனால், வேகமெடுக்கும்போது டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கி, வாகனத்தையே திருப்பிவிடக்கூடும். இயந்திரம், எரிபொருள் தொட்டி, பேட்டரி ஆகிய கனமானவை அனைத்தும் பின்பகுதியிலேயே குவிந்திருக்கும் படகுகளில் இதை மறக்கவே கூடாது. இழுக்க முடிகிறதா என்பதைவிட, ஈரச் சாலையில் இறக்கத்தில் நிறுத்த முடிகிறதா என்று கேட்டுக்கொள்வதே சரியான கேள்வி.

சாலையின் கணக்கு நமக்குச் சாதகமாகவும் திரும்புகிறது. இந்தப் படகுகளை இவ்வளவு பேர் விரும்புவதற்கு அதுவே அடிப்படை. தண்ணீரைப் பிளந்துகொண்டு மெதுவாகச் செல்லும் படகின் வேகம் அதன் நீர்மட்ட நீளத்துக்குக் கட்டுப்பட்டது. ஆறரை மீட்டர் நீர்மட்ட நீளத்துக்கு அது மணிக்கு ஏறத்தாழ 6 கடல் மைல், அதாவது 11 கிலோமீட்டர். 600 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு தீவுக் கூட்டத்துக்குத் தண்ணீர் வழியாகச் சென்றால், நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினாலும் ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். வழியில் கடல் கெட்டால் அதற்கும் மேல். அதே படகு டிரெய்லரில் ஒரே நாளில் போய்ச் சேரும். பத்து நாள் விடுமுறை மட்டுமே கிடைக்கும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. வானிலை அறிக்கை மோசமானால் வேறொரு நீர்நிலைக்குத் திரும்பிவிடலாம் என்ற சுதந்திரத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். துறையில் கட்டிய படகின் உரிமையாளருக்கு, எவ்வளவு பெரிய படகு வைத்திருந்தாலும், அந்தச் சுதந்திரம் கிடையாது.

[காட்சி: படகிறக்கும் சரிவுத்தளம், டிரெய்லர் சக்கரத்தின் மையப்பகுதி நெருக்கமாக.]

இனி, சரிவுத்தளத்தில் நடப்பதை நெருங்கிப் பார்ப்போம். மூன்று நான்கு மணி நேரம் ஓடி வந்த டிரெய்லரின் சக்கர மையங்கள் சூடாக இருக்கும். வந்த வேகத்தில் அவற்றைக் குளிர்ந்த நீரில் இறக்கினால், உள்ளே உள்ள காற்று சட்டெனச் சுருங்கி, நீர் புகாமல் தடுக்கும் சீலின் ஓரமாக வெளிநீரை உறிஞ்சிக்கொள்கிறது. நீர் கலந்த கிரீஸ் பால்போல் வெளுத்து, வழவழப்பை இழக்கிறது. உப்புநீராக இருந்தால் பேரிங் சீக்கிரமே அரிக்கத் தொடங்கும். பின்னொரு நாள் திரும்பும் வழியில், கடைகள் ஏதுமில்லாத நெடுஞ்சாலையில், அது இறுகி நின்றுவிடும். தடுப்பது எளிது: புறங்கையால் மையத்தைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு தணியும்வரை காத்திருங்கள், அந்த நேரத்தில் கட்டுகளை அவிழ்த்து, சாமான்களை ஏற்றி, படகின் அடியில் உள்ள வடிகால் மூடியைத் திருகி இறுக்கிவிடுங்கள். அந்த மூடியை மறந்துவிட்டுப் படகை இறக்கியவர்கள் உலகெங்கும் உண்டு. வானலைக் கம்பத்தையும் ரேடார் தூணையும் நிமிர்த்துமுன் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பார்ப்பதும் உயிர் காக்கும் பழக்கம்.

பழகிய இருவருக்கு இந்த வேலை முழுவதும் அரை மணி நேரத்தில் முடியலாம். புதியவர்களுக்கு, அதுவும் குறுக்குக் காற்றில், படகை டிரெய்லரின் மேல் நேராக ஏற்றுவது பொறுமையைச் சோதிக்கும். படகு நீளவும் கனக்கவும் தொடங்கும்போது இந்தத் தொல்லை மிக வேகமாகப் பெருகுகிறது. ஆறரை மீட்டர் படகை வெள்ளிக்கிழமை மாலையில் சலிப்பின்றி இறக்குபவர், எட்டு மீட்டர் படகு வாங்கியபின் நீண்ட விடுமுறைக்கு மட்டுமே அதை வெளியே எடுக்கிறார். மனதில் நினைத்திருக்கும் அளவைவிட ஒரு படி சிறியதை வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

[காட்சி: விடியற்காலையில் கேபினின் உட்புறம், கண்ணாடியில் வழியும் நீர்த்துளிகள்.]

உள்ளே தங்குவது எப்படி இருக்கும்? முன்பகுதியில் உள்ள படுக்கை, கால் பக்கம் குறுகிக்கொண்டே போகும் முக்கோண வடிவத்தில் இருக்கும். இருவரின் பாதங்கள் ஒரே மூலையில் சந்திக்கும். குளிர்ந்த இரவில் இருவர் மூடிய கேபினில் உறங்கினால், மூச்சின் ஈரம் மெல்லிய ஃபைபர் சுவரில் நீராகத் தேங்கி, மெத்தையின் அடிப்பக்கத்தை நனைத்துவிடும். உள்ளே எரிவாயு அடுப்பு மூட்டினால் ஈரம் இன்னும் கூடும். காற்றோட்டத் திறப்புகள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், மெத்தையின் அடியில் காற்றுப் புகும் பலகையும் வேண்டும். கழிப்பறை என்பது பெரும்பாலும் தூக்கிச் செல்லும் பெட்டிதான். இருவருக்கு இரண்டு மூன்று நாள் தாங்கும்.

அசௌகரியத்தோடு நிற்காத ஆபத்து ஒன்றும் உண்டு: கார்பன் மோனாக்சைடு. பெட்ரோல் இயந்திரம் ஓடும்போது, நிமிர்ந்த கேபினுக்குப் பின்னால் உருவாகும் காற்றுச் சுழல் புகையை முன்னோக்கி இழுத்து உள்ளே கொண்டுவரக்கூடும். அந்த வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. எச்சரிக்கைக் கருவி இல்லாத கேபினில் யாரும் உறங்கக் கூடாது.

தண்ணீரில் படகின் நடத்தையைத் தீர்மானிப்பது, அதன் அடிப்பகுதி ‘V’ வடிவில் இருபுறமும் மேலெழும் கோணம். பின்புறத்தில் 12 பாகைக்கு அருகில் உள்ள தட்டையான அடி குறைந்த எரிபொருளில் வேகமெடுக்கும், நிற்கும்போது நிலையாக இருக்கும். ஆனால் குறுகிய அலைகளில் அடித்து அடித்து முதுகை வருத்தும். 20 பாகைக்கு மேல் ஆழமான அடி அலையை மென்மையாக வெட்டும். அதற்குக் கூடுதல் குதிரைத்திறன் வேண்டும், நிற்கும்போது ஆட்டமும் அதிகம். இரவு தங்குவதற்கே படகு வாங்குபவர்களுக்கு நடுத்தரக் கோணம் பொருந்தும் என்பது என் கருத்து. எரிபொருளைப் பொறுத்தவரை, 150 குதிரைத்திறன் இயந்திரம் முழு வேகத்தில் மணிக்கு 50 லிட்டருக்கும் மேல் குடிக்கும். மணிக்கு 6 கடல் மைலில் அதில் ஒரு சிறு பங்கே போதும். ஐரோப்பிய வகைப்பாட்டில் இந்த அளவுப் படகுகள் பலவும் ‘சி’ வகையில் வருகின்றன: பியூஃபோர்ட் எனும் காற்று அளவுகோலில் விசை 6 வரை, அலை உயரம் 2 மீட்டர் வரை. கரையோரத்துக்கும் உள்நீர் வழிகளுக்குமான தகுதி அது. திறந்த கடலுக்கு அல்ல.

வேலை முடிந்ததும் படகு தண்ணீரை விட்டு வெளியேறிவிடுவதால் துறைக் கட்டணம் மிச்சமாகிறது, பாசி படியாது, அடிப்பகுதிக்குப் பாசியைத் தடுக்கும் நச்சு வண்ணம் பூச வேண்டியதில்லை. வீட்டருகே ஒன்பது பத்து மீட்டர் நீளத்துக்கு இடமிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. இதில் ஒரு பொறுப்பும் அடங்கியிருக்கிறது. வட அமெரிக்காவில் 1988ல் முதன்முதலில் கண்டறியப்பட்ட, வெளியிலிருந்து வந்து நீர்நிலைகளை ஆக்கிரமிக்கும் சிறு சிப்பி இனமான ஜீப்ரா மட்டிகள் ஏரிக்கு ஏரி பரவிய வழிகளில் இத்தகைய டிரெய்லர் படகுகளும் ஒன்று. ஒரு நீர்நிலையிலிருந்து எடுத்த படகைக் கழுவி, தேங்கிய நீரை முழுவதும் வடித்து, உலரவிட்ட பிறகே இன்னொன்றில் இறக்க வேண்டும்.

எப்போதும் ஒரே ஏரியில்தான் பயணம் செய்வேன் என்பவருக்கு இந்த வகைப் படகு தேவையில்லை. அவர் அகலமான படகொன்றைத் துறையில் கட்டி வைத்துக்கொண்டால், சாலைக்காகச் செய்யப்பட்ட சமரசங்கள் எதையும் சுமக்க வேண்டியிராது.

[காட்சி: பழைய படகு ஒன்று டிரெய்லரின் மேல், டயரின் பக்கவாட்டில் உள்ள எண்கள் நெருக்கமாக.]

பழைய படகு வாங்குவதாக இருந்தால், சோதனையை டிரெய்லரில் தொடங்குங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரிப்பு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டிரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முன்பே வயதாகி வெடிப்பவை. சட்டகக் குழாய்களின் உட்புறத் துருவையும் பிரேக் குழாய்களையும் பாருங்கள். பிறகு அவுட்போர்டைச் சற்று உயர்த்தி, அதன் கீழ்ப்பகுதியை மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள். அது பொருத்தப்பட்டிருக்கும் பின்சுவர் வளைந்து கொடுத்தால், உள்ளே மரம் இற்றுப்போயிருக்க வாய்ப்புண்டு. இவை தேறினால், முன்பணம் கொடுப்பதற்கு முன் தொட்டிகளை நிரப்பி, படகை டிரெய்லரோடு எடை மேடையில் ஏற்றச் சொல்லுங்கள். அங்கே கிடைக்கும் எண்ணோடு உங்கள் பயணச் சாமான்களின் எடையையும் கூட்டி, உங்கள் வாகனத்தின் இழுவை வரம்போடு ஒப்பிடுங்கள். வரம்புக்குக் கீழே பத்து சதவீதமாவது இடைவெளி இல்லையென்றால், கேபின் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் படகை வாங்காதீர்கள்.