வைக்கோலுக்கு வைத்த தீ

அவையோருக்கு வணக்கம்.

அறிமுகம் செய்த நண்பர், குரலற்றவர்களுக்குக் குரல் கொடுக்கும் நாடகக் குழுவைப் பற்றி நான் பேசப்போவதாகச் சொன்னார். ‘குரலற்றவர்’ என்ற சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. முதலில் கதையைக் கேளுங்கள்.

1998 பிப்ரவரி, மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டம். சபர் பழங்குடியைச் சேர்ந்த புதன் சபர், மனைவியோடு போகும் வழியில் வெற்றிலைக் கடையில் நின்றார். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஒரு வாரத்தில் பிணமாகத்தான் திரும்பினார். தூக்குப் போட்டுக்கொண்டாராம். சபர்கள் நம்பவில்லை. உடலை எரித்தால் அடிபட்ட தடமும் எரிந்துபோகுமே! உடலைக் குடிசைக்குள்ளேயே புதைத்தார்கள். ஊர் பார்க்க ஒரு வைக்கோல் பொம்மையைச் சிதையில் வைத்துக் கொளுத்தினார்கள். பிறகு உடலைத் தோண்டியெடுத்து மறுபரிசோதனை நடந்தது. வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவி துணைநின்ற வழக்கில், விதவைக்கு இழப்பீடு வழங்கவும் சி.பி.ஐ. விசாரிக்கவும் கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

என் கணக்கில் முதல் நாடகம் அந்தச் சிதையிலேயே அரங்கேறிவிட்டது.

இரண்டாவது, அகமதாபாத்தின் சாராநகரில். சாரா மக்களும் 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியவர்கள்தான். மகாசுவேதா தேவியும் மொழியறிஞர் கணேஷ் தேவியும் கொண்டுவந்த புதனின் கதையை அந்தத் தெரு இளைஞர்கள் நாடகமாக்கி, 1998 ஆகஸ்ட் 31 அன்று நடித்தார்கள். 1952இல் அந்த மக்களின் பெயர்கள் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட நாள் அது. குழுவுக்கும் புதன் தியேட்டர் என்றே பெயர் நிலைத்தது.

திரையும் இல்லை, செட்டும் இல்லை. லத்தி பிடிக்கும் இளைஞனுக்கு யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்திருக்காது. மதுவிலக்கு மாநிலமான குஜராத்தில் சாராநகரின் பல வீடுகளுக்குச் சாராயம் காய்ச்சுவதுதான் பிழைப்பு. வாசலில் ரெய்டு பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். காய்ச்சுவதையும் திருடுவதையும் அவர்கள் மூடி மறைப்பதில்லை. வேறு வேலை யார் கொடுத்தார்கள் என்று கேட்கிறார்கள். இந்த நேர்மைதான் எனக்குப் பிடித்தது. ஏழை என்றால் உத்தமனாக மட்டுமே காட்டும் நாடகங்கள் எனக்கு அலுத்துவிட்டன.

பிறகு கேமராவும் கைக்கு வந்தது. குழுவின் தட்சிண் பஜரங்கே ஆவணப்படங்கள் எடுத்தார். படம் தொலைதூரம் போகும், சரிதான். ஆனாலும் அடித்த போலீஸ்காரர் குடியிருக்கும் ஊரிலேயே, அவர் காதுபட நடிப்பதற்கு வேறு நெஞ்சுரம் வேண்டும்.

நமக்கு இது அந்நியக் கதையா? அதே சட்டத்தின்கீழ் கைரேகை வைக்க மறுத்த மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 உயிர்கள் போயின. இரவானால் போலீஸ் காவலில் போய்ப் படுக்க வேண்டியிருந்த பாட்டன்மார்களின் பேரப்பிள்ளைகள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். கேள்வி நேரத்தில் மைக் முதலில் உங்களிடம் வரட்டும். நான் உட்கார்ந்துகொள்கிறேன்.