கைக்கு மட்டும் தெரிந்த பிழை

நேயர்களுக்கு வணக்கம்.

காற்று உலர்ந்திருக்கும் நாளில் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து போய்க் கதவின் உலோகக் கைப்பிடியைத் தொட்டால், விரல் நுனியில் சுருக்கென்று ஒன்று குத்தும். இருட்டில் நைலான் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொறி தெறிக்கும். உங்களில் பலருக்கும் இது பழகிய அனுபவம். அந்தச் சுருக்கு நமக்கு உறைக்க வேண்டுமானால், உடம்பில் ஏறத்தாழ 3,000 வோல்ட் நிலைமின்சாரம் சேர்ந்திருக்க வேண்டும். அதற்குக் குறைவாகப் பாய்ந்தால் நமக்குத் தெரிவதே இல்லை. ஆனால் 100 வோல்ட்டுக்கும் கீழேயே சேதமாகிவிடும் மின்னணு உதிரிபாகங்கள் இருக்கின்றன. நாம் எதையும் உணராமலே, தொட்ட பொருளைக் காயப்படுத்திவிட முடியும்.

பல நாடுகளில் ஆலைகள் வைத்திருக்கும் மின்னணு உதிரிபாக நிறுவனங்களில், பயிற்சிப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். பணியிடப் பண்பாடும் ஊழியர் வளர்ச்சியும் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்திருக்கிறார்கள். தலைப்பு பெரியது. எனக்கு அது எப்போதும் அந்தச் சுருக்கில்தான் தொடங்குகிறது.

காயப்பட்ட உதிரிபாகம் உடனே செத்துவிட்டால் கவலையில்லை, சோதனையில் அகப்பட்டுவிடும். பாதி காயத்தோடு பிழைத்திருப்பதுதான் ஆபத்து. அது எல்லாச் சோதனைகளிலும் தேறும், பெட்டியில் ஏறும், கடல் கடக்கும், ஏதோ ஒரு கருவிக்குள் போய் உட்காரும். சில மாதங்கள் கழித்து ஒரு நாள் நின்றுபோகும். அதைச் செய்த மேசையில் அன்று என்ன நடந்தது என்று எந்த இயந்திரமும் சொல்லாது. சொல்லக்கூடியவர் ஒருவர்தான்: அன்று அதைக் கையில் எடுத்தவர். அவர் வாய் திறப்பாரா என்பதுதான் என்னைப் பொறுத்தவரை பணியிடப் பண்பாடு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு இரவு ஷிப்டு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு பெண், தயங்கித் தயங்கி என்னிடம் வந்து நின்றாள். "அக்கா, ஒன்று சொல்ல வேண்டும்" என்றாள். இடைவேளை முடிந்து திரும்பியதிலிருந்து மணிக்கட்டுப் பட்டை கையில்தான் இருந்திருக்கிறது, ஆனால் அதன் கம்பியை மேசையில் செருக மறந்திருக்கிறாள். உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்கு வடித்துவிடுவது அந்தக் கம்பிதான். அது செருகப்படாவிட்டால் பட்டை வெறும் வளையல். அவள் செய்த அத்தனையும் சோதனையில் தேறியிருந்தன. மறந்ததை யாரும் பார்க்கவில்லை. பேசாமல் கம்பியைச் செருகிக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கலாம்.

நான் அவளை மேற்பார்வையாளரிடம் அழைத்துச் சென்றேன். அவர் கேட்ட முதல் கேள்வியை இன்றும் என் வகுப்புகளில் சொல்கிறேன். "எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை?" அவ்வளவுதான் கேட்டார். "ஏன் மறந்தாய்" என்று கேட்கவில்லை. அந்த நேரத்துக்குள் செய்தவற்றைத் தனியே எடுத்து வைத்தார்கள். அவளுக்கு நன்றி சொன்னார். சில வாரங்களில் அந்த வரிசை முழுவதும் சிறு கருவிகள் வந்தன. பட்டையின் இணைப்பு விட்டுப்போனால் உடனே விளக்கு எரிந்து ஒலி எழுப்பும் கருவிகள் அவை. ஒருத்தி வாய் திறந்ததால் எல்லாருடைய மறதிக்கும் ஒரு காவல் கிடைத்தது.

வேறொரு ஆலையையும் பார்த்திருக்கிறேன். அங்கே சுவரில் ஒரு பலகை இருந்தது. அந்த மாதம் பிழை செய்தவர்களின் பெயர்களை அதில் சிவப்பு மையில் எழுதுவார்கள். மாதத்துக்கு மாதம் பெயர்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு கட்டத்தில் பலகை வெறுமையாயிற்று. நிர்வாகம் மகிழ்ந்தது. ஆனால் வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய பெட்டிகள் குறையவில்லை. பிழை நிற்கவில்லை, பிழையைப் பற்றிய பேச்சுதான் நின்றிருந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. அந்தப் பலகையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியாளர் இருந்தார். 1961ஆம் ஆண்டு நகோயாவில் யமடா எலக்ட்ரிக் என்ற ஆலைக்குப் போனார். அங்கே ஒரு சிறிய சுவிட்ச் செய்தார்கள். இரண்டு பொத்தான்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குட்டி ஸ்பிரிங். வேலை இவ்வளவுதான். ஆனால் அவ்வப்போது ஒரு ஸ்பிரிங் விட்டுப்போகும். சுவிட்ச் வாங்கிய நிறுவனம் புகார் செய்யும். அங்கே ஆள் அனுப்பி ஒவ்வொரு சுவிட்சாகப் பார்க்க வேண்டியிருக்கும். உடனே தொழிலாளர்களுக்குத் திட்டு விழும், "இனிமேல் கவனமாக இருங்கள்" என்று. சில நாள் சரியாகப் போகும். பிறகு மறுபடியும் விட்டுப்போகும்.

ஷிங்கோ என்ன செய்தார் தெரியுமா? ஒரு சிறு தட்டைக் கொண்டுவரச் சொன்னார். முதலில் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பிரிங்குகளை எடுத்துத் தட்டில் போடு, பிறகு சுவிட்சைச் செய். முடித்த பிறகு தட்டில் ஒரு ஸ்பிரிங் மிச்சம் இருந்தால், எதையோ விட்டுவிட்டாய் என்று உனக்கே தெரிந்துவிடும், அங்கேயே சரிசெய்துவிடலாம். ஒரு தட்டு, அவ்வளவுதான்! மனிதக் கவனம் தளரும் என்பதை ஒப்புக்கொண்டு, தளர்கிற இடத்தில் ஒரு தட்டை வைத்தார். என் பேச்சில் மற்றதெல்லாம் மறந்தாலும் அந்தத் தட்டை மறக்காதீர்கள்.

கதை இன்னும் முடியவில்லை. இந்த முறைக்கு முதலில் 'பாகா-யோகே' என்று பெயர். 'பாகா' என்றால் முட்டாள். முட்டாளும் தவறு செய்ய முடியாத ஏற்பாடு என்று பொருள். 1963இல் அரகவா என்ற வாகன உடற்பாக ஆலையில் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது, அங்கே வேலை செய்த ஒரு பெண் அழுதுவிட்டார். நான் அவ்வளவு முட்டாளா என்று கேட்டார். அந்தக் கேள்வி ஷிங்கோவைத் தைத்தது. பெயரையே மாற்றினார். 'போகா-யோகே' ஆனது. 'போகா' என்றால் யாருக்கும் நேரக்கூடிய, அறியாமல் நிகழும் பிழை. இன்று உலகெங்கும் ஆலைகளில் வழங்குவது இந்தப் பெயர்தான்.

ஒரு எழுத்துதான் மாறியது. ஆனால் அதில் எத்தனை பெரிய மாற்றம் பாருங்கள்! முதல் பெயர் குற்றத்தை ஆளின் மேல் வைத்தது, இரண்டாவது பெயர் வேலையின் மேல் வைத்தது. புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் நடத்தும் முதல் வகுப்பே இதுதான். இயந்திரத்தைப் பற்றிப் பிறகு பேசலாம், பெயரைப் பற்றி முதலில் பேசலாம் என்பேன்.

பெயரை மாற்ற வைத்தது, ஒரு தொழிலாளியின் பேச்சுக்குக் காது கொடுத்தது. கேட்பது என்றவுடன் ஹாதார்ன் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் சிகாகோவை அடுத்து இருந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பெரிய ஆலை. தொலைபேசிகளுக்கான ரிலேக்களை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்சுகளை, அங்கே செய்தார்கள். 1928 முதல் 1930 வரை அங்கே 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் பேட்டி எடுத்தார்கள். தொடக்கத்தில் கையில் கேள்விப் பட்டியல் வைத்திருந்தார்கள். தொழிலாளர்களோ கேட்டதை விட்டுவிட்டு, தங்கள் மனத்தில் இருந்ததைப் பேசினார்கள். பிறகு பட்டியலைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் பேச விரும்பியதைக் கேட்கத் தொடங்கினார்கள். அரை மணி நேரப் பேட்டிகள் ஒன்றரை மணி நேரம் ஆயின. அந்த மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அதே ஆலையில், தனி அறையில் ஐந்து பெண்கள் ரிலே பொருத்துவதை வைத்து நடந்த ஆய்வு புகழ்பெற்றது. அதில் இரண்டு பெண்களை இடையில் மாற்றினார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர்கள் மீது சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று, அதிகம் பேசுகிறார்கள் என்பது. கேட்கக் கற்றுக்கொள்வது ஒரு நிறுவனத்துக்கு எவ்வளவு கடினம் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று இது.

இனி கற்றுக்கொடுப்பது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940இல், அனுபவமில்லாதவர்களை விரைவாகத் தொழிலுக்குப் பழக்க அமெரிக்க அரசு ஒரு பயிற்சித் திட்டம் கொண்டுவந்தது. போருக்குப் பிறகு அது ஜப்பானுக்கும் போனது. அதன் சாரம் இதுதான்: தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால் பயிற்சியாளர் கற்றுக்கொடுக்கவில்லை. தேர்வில் தோற்றவரைப் பார்த்து "இவருக்கு மண்டையில் ஏறவில்லை" என்று சொல்லும் வழக்கத்தை அந்த ஒரு வரி துடைத்தெறிகிறது. மணிக்கட்டுப் பட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். "கட்டாயம் அணிய வேண்டும்" என்று மட்டும் சொன்னால் மேற்பார்வையாளர் வரும்போது அணிவார்கள். அந்தக் கம்பிக்குள் 10 லட்சம் ஓம் அளவுள்ள மின்தடை ஒன்று இருக்கிறது, தவறி மின்சாரத்தில் கை பட்டால் உங்கள் உடம்பின் வழியே ஆபத்தான அளவு பாயாமல் அது தடுக்கும் என்று சொல்லிக் காட்டுங்கள். பட்டை சிப்பை மட்டும் காக்கவில்லை, தங்களையும் காக்கிறது என்று அவர்களுக்குப் புரியும். காரணம் தெரிந்த கை தானாகவே கம்பியைச் செருகும்.

பல நாடுகளில் ஆலைகள் உள்ள நிறுவனத்தில் இது இன்னும் சிக்கலாகிறது. மின்சுற்றுப் பலகையில் வைக்கும் மிகச் சிறிய மின்தேக்கிகளுக்கும் மின்தடைகளுக்கும் அளவைக் குறிக்க நான்கு இலக்க எண் உண்டு. 0402 என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குலக் கணக்கில் பார்ப்பவருக்கு அது 1 மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம். மில்லிமீட்டர்க் கணக்கில் பார்ப்பவருக்கோ அதே 0402, 0.4 மில்லிமீட்டர் நீளம், 0.2 மில்லிமீட்டர் அகலம். ஒரே எண், இரண்டு பொருள்கள்! ஒன்று உப்புக்கல் அளவு, மற்றது அதில் ஒரு துகள். இரண்டு நாட்டுக் குழுக்கள் தொலைபேசியில் இந்த எண்ணைப் பேசுகின்றன, இரண்டும் தலையாட்டுகின்றன. "நீங்கள் சொல்வது எந்தக் கணக்கில்?" என்று யாராவது ஒருவர் கேட்டால் போதும். கேட்பதில்லை. தலைமை அலுவலகத்தின் மொழி தனக்குச் சரளமாக வராது என்ற கூச்சம், மூத்தவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது என்ற பழக்கம். இப்படி வாய் மூடிய கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் பயிற்சிக் கையேடுகளை அந்தந்த ஆலையின் மொழியில் எழுத வேண்டும் என்று விடாமல் வாதாடினேன். மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, அங்கே அந்த வேலையைச் செய்கிறவரே உட்கார்ந்து எழுத வேண்டும்.

கண்ணாடிக்கு அப்பால் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் இரண்டு விரல்களைக் காட்டுகிறார். பதவி உயர்வைப் பற்றி விரிவாகப் பேச வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். பற்றவைப்புத் தரத்துக்கான சான்றிதழை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. நல்ல வழக்கம். ஆனால் பத்து முறை புதுப்பித்த ஒருவர் இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறார் என்றால், அந்த நிறுவனம் அவரிடமிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கைத்திறன் மிக்கவரை மேற்பார்வையாளராக்குவது மட்டுமே உயர்வு என்று நினைக்காதீர்கள். பயிற்சியாளராகவோ, வரிசையை வடிவமைக்கும் குழுவில் ஒருவராகவோ ஆக்குங்கள், அதற்குச் சமமான ஊதியமும் கொடுங்கள்.

நான் சொன்ன அந்த இரவு ஷிப்டுப் பெண் பிறகு பயிற்சியாளரானாள். ஒருமுறை அவளுடைய வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "இன்று எந்த இடத்தில் உங்கள் கை தயங்கியது?" முதல் ஆள் எங்கும் தயங்கவில்லை என்றார். இரண்டாவது ஆளும் அப்படியே. அவள் அவசரப்படாமல் காத்திருந்தாள். மூன்றாவது ஆள் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.