சிறுநீரகக் கட்டி என்றாலே புற்றுநோயா?

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு நோய்க்கூறியல் மருத்துவர்; உடல் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைக் கண்டறிவது என் வேலை. வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ‘சிறுநீரகத்தில் கட்டி’ என்று ரிப்போர்ட் வந்துவிட்டால், அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. ஆனால் அந்தக் கட்டிகளில் புற்றுநோய் அல்லாதவையும் உண்டு.

ஆஞ்சியோமயோலிப்போமா என்ற சாதுவான கட்டிக்குள் கொழுப்பு இருக்கும். பெரும்பாலும் ஸ்கேனிலேயே அது தெரிந்துவிடும். ஆன்கோசைட்டோமா அப்படியல்ல. அதுவும் சாதுதான், ஆனால் ஸ்கேனில் பல நேரம் புற்றுநோயைப் போலவே தெரியும். அதனால்தான் விஷயம் மைக்ராஸ்கோப் வரை வருகிறது.

சாயமேற்றிய ஸ்லைடில் ஆன்கோசைட்டோமா செல்கள் கூட்டம் கூட்டமாக, நல்ல இளஞ்சிவப்பில், உள்ளே குருணை குருணையாகத் தெரியும். அந்தக் குருணையெல்லாம் மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்புகள். செல்லே அதனால் நிரம்பியிருக்கும். உட்கரு உருண்டையாக, ஒழுங்காக இருக்கும். 1976இல் கிளைன், வாலென்சி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 13 கட்டிகளை ஆராய்ந்து எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் இதைத் தனி வகையாகக் கவனிக்கத் தொடங்கியது.

சரி, சிக்கல் எங்கே? குரோமோபோப் என்ற புற்றுநோயின் ஒரு வகையும் ஏறத்தாழ இதே சிவப்பில் வரும். அங்கே உட்கரு உலர்ந்த திராட்சை மாதிரி சுருங்கியிருக்கும். அதைச் சுற்றி வெளிறிய வளையம் இருக்கும். செல்லின் எல்லைக்கோடு அழுத்தமாகத் தெரியும். சந்தேகம் தீராவிட்டால், செல்லில் சைட்டோகெரட்டின் 7 என்ற புரதம் இருக்கிறதா என்று தனிச் சாயமேற்றிப் பார்ப்போம். குரோமோபோப்பில் பொதுவாக அந்தச் சாயம் பரவலாகப் பிடிக்கும். ஆன்கோசைட்டோமாவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்களில்தான் பிடிக்கும்.

இத்தனை பார்த்த பிறகும் ஊசி பயாப்சியில் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம். ஊசியில் வருவது நூல் போன்ற ஒரு துணுக்குதான். கட்டியின் மறுபக்கம் எப்படி இருக்கிறதோ தெரியாது. அதனால் ‘ஆன்கோசைட்டோமாவாக இருக்கலாம்’ என்று எழுதுகிறோம். டாக்டர் மழுப்புகிறார் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். தெரிந்த அளவுக்கு மேல் எழுதினால், வேண்டாத அறுவை சிகிச்சையில் கொண்டுபோய் விடலாம், அல்லது ஒரு புற்றுநோயைத் தப்பவிடலாம்.

அப்படி ரிப்போர்ட் வந்தால், கட்டியின் அளவையும் உங்கள் வயதையும் உடல்நிலையையும் வைத்து, ஸ்கேனில் கண்காணித்தால் போதுமா என்று சிறுநீரக அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொரு நிபுணரின் கருத்து வேண்டுமா? பயாப்சி செய்த ஆய்வகத்தில் ஸ்லைடுகளையும், திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி அவரிடம் காட்டலாம்.