பலூன் வீட்டுத் தாத்தாவும் பேட்ஜ் கேட்டு வந்த பையனும்

[காட்சி: ஒகேனக்கல், காலை வெயில். பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு பாறைமேல் நடந்துபோகும் பரிசல்காரர்.]

வணக்கம். ஒகேனக்கல் வந்தவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் நம்மைச் சுமக்கிற பரிசலை, நடுவில் பாறை வந்துவிட்டால் பரிசல்காரர் தலையில் சுமப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் தெரியாது. ஒரு பெரிய கூடைக்குக் கால் முளைத்து நடக்கிற மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் தண்ணீர் வந்ததும் இறக்கி வைத்துவிடுவார்.

'அப்' படத்தில் ஒரு தாத்தா தன் வீட்டையே கயிறு கட்டின மாதிரி இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தபோது எனக்கு இவர்கள் ஞாபகம்தான் வந்தது. ஆனால் அந்தத் தாத்தாவுக்கு அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. அதைக் கற்றுக்கொடுக்க எட்டு வயதுப் பையன் ஒருவன் வரவேண்டியிருந்தது. கதையை முழுசாகச் சொல்லித்தான் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

[காட்சி: தலைப்பு அட்டை. அதன் பின்னால் பல வண்ண பலூன்கள்.]

2009-ல் பிக்சார் எடுத்த அனிமேஷன் படம். இயக்குநர் பீட் டாக்டர். அந்த வருடக் கான் திரைப்பட விழா இந்தப் படத்தோடுதான் தொடங்கியது. ஓர் அனிமேஷன் படத்துக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல் முறை. சிறந்த அனிமேஷன் படம், மைக்கேல் ஜியாக்கினோவின் இசை என்று இரண்டு ஆஸ்கர்.

சரி, கதைக்கு வருவோம்.

அந்தத் தாத்தா கார்ல் ஃப்ரெட்ரிக்சனுக்கு 78 வயது. பலூன் விற்றுப் பிழைத்தவர். அவருக்கும் மனைவி எல்லிக்கும் சின்ன வயதிலிருந்தே ஒரே ஆசை. தென் அமெரிக்காவில் பாரடைஸ் ஃபால்ஸ் என்ற அருவிக்குப் பக்கத்தில் போய் வீடு வைக்கவேண்டும். அதற்காக ஒரு கண்ணாடி ஜாடியில் காசு சேர்க்கிறார்கள். கார் டயர் வெடிக்கிறது, ஜாடியை உடைக்கிறார்கள். கார்ல் கால் உடைந்து படுக்கிறார், மறுபடியும் உடைக்கிறார்கள். மரம் விழுந்து கூரை போகிறது, இன்னொரு முறை. வசனமே இல்லாமல், சில நிமிடங்களில், முழு வாழ்க்கையும் ஓடி முடிகிறது. கடைசியில் எல்லி இல்லை.

தர்மபுரிப் பக்கம் இந்த ஜாடியை யாருக்கும் விளக்கவே வேண்டாம். மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த காசு போர்வெல்லுக்குப் போய், அதிலும் தண்ணீர் வராமல் போன வீடுகள் இங்கே நிறைய.

வீட்டையும் பிடுங்கி, தன்னை முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், கார்ல் ஆயிரக்கணக்கான பலூன்களைக் கட்டி வீட்டோடு பறந்துவிடுகிறார். மேலே போன பிறகு கதவு தட்டும் சத்தம். திறந்தால், திண்ணையில் ரசல். சாரணர் மாதிரியான ஓர் அமைப்பில் இருக்கிற பையன். முதியவருக்கு உதவியதற்கான பேட்ஜ் ஒன்றுதான் அவனுக்குப் பாக்கி. அதற்காக வந்து மாட்டிக்கொண்டான்.

[காட்சி: வெனிசுலாவின் ஏஞ்சல் அருவி. பிறகு தட்டையான உச்சி கொண்ட மலைகள்.]

படத்தில் வருகிற அருவிக்கு மாதிரி, வெனிசுலாவில் இருக்கும் ஏஞ்சல் அருவி. உயரம் 979 மீட்டர். சுற்றியுள்ள மேசை மாதிரியான மலைகளைப் படக்குழு நேரில் போய்ப் பார்த்து வந்து வரைந்தது.

[காட்சி: குழாயால் கட்டிய வீட்டை இழுத்துக்கொண்டு நடக்கும் இரண்டு உருவங்கள். எளிய கோட்டோவியம்.]

இப்போது ஒரு விஷயம் கவனியுங்கள். ரசல் அவரைக் கடைசி வரை 'மிஸ்டர் ஃப்ரெட்ரிக்சன்' என்றுதான் கூப்பிடுகிறான். நம் ஊர்ப் பையனாக இருந்தால் கதவு திறந்த அந்த நொடியே 'தாத்தா' என்றிருப்பான். நமக்கு உறவுமுறை வாயில் தயாராக இருக்கிறது. பஸ் கண்டக்டர் அண்ணா, பூ விற்கிறவர் அக்கா. இந்தப் படத்தில் உறவின் பெயர் முதலில் வரவில்லை. முறை சொல்லிக் கூப்பிடாமலே, ஒருவருக்காக ஒருவர் செய்த காரியங்களால் மட்டுமே அந்த உறவு உண்டாகிறது. எனக்கு இந்தப் படம் பிடித்ததே இதனால்தான்.

கார்லின் உடம்பு சதுரம், தாடை சதுரம், உட்காரும் நாற்காலியும் சதுரம். ரசல் முட்டை மாதிரி உருண்டை. எல்லியின் நாற்காலியும் வளைவாகத்தான் இருக்கும். வசனத்துக்கு முன்பே வடிவங்கள் பேச ஆரம்பித்துவிடுகின்றன.

காட்டில் இவர்களோடு ஒரு பெரிய பறவை சேர்கிறது. ரசல் அதற்குக் கெவின் என்று பெயர் வைக்கிறான். பிறகுதான் தெரிகிறது, அது குஞ்சுகளுக்காக இரை தேடும் தாய். டக் என்று ஒரு பேசும் நாயும் வருகிறது. முதல் சந்திப்பிலேயே கார்ல்மேல் பாசம் வைத்துவிடும் வெள்ளை மனசு.

நடந்துகொண்டே ரசல் தன் அப்பாவைப் பற்றிச் சொல்கிறான். முன்பெல்லாம் இருவரும் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்து, போகிற கார்களை நிறம் பிரித்து எண்ணுவார்களாம். சுவாரசியமே இல்லாத அந்த வேலைதான் தனக்கு அதிகம் ஞாபகம் இருக்கிறது என்கிறான். அப்பா இப்போது வருவதில்லை.

ஒரு நாள் இரவில், கெவினை விட்டுவிடக் கூடாது என்று கார்லிடம் சத்தியம் வாங்குகிறான். நெஞ்சில் குறுக்குக் கோடு போட்டுச் சொல்லும் சத்தியம். சின்ன வயதில், அருவிக்குக் கூட்டிப்போகவேண்டும் என்று எல்லி கார்லிடம் வாங்கினதும் இதே மாதிரிச் சத்தியம்தான். படத்தின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது. செத்துப்போனவளுக்குக் கொடுத்த வாக்கும், உயிரோடு பக்கத்தில் நிற்கிற குழந்தைக்குக் கொடுத்த வாக்கும் மோதுகிற நேரம் வருகிறது. அந்தப் பறவையைப் பிடிக்கவே காட்டில் காத்துக்கிடக்கும் வில்லன் முன்ட்ஸ், கார்லின் வீட்டுக்குத் தீ வைக்கிறான். கார்ல் வீட்டைக் காப்பாற்ற ஓடுகிறார், கெவின் பிடிபடுகிறது. ரசல் தன் பேட்ஜ் பட்டையைக் கழற்றி வீசிவிடுகிறான்.

[காட்சி: பழைய ஆல்பத்தைப் புரட்டும் கை.]

ஆசைப்பட்ட இடத்தில் வீடு வந்து நிற்கிறது. கார்ல் நாற்காலியில் உட்கார்ந்து எல்லியின் ஆல்பத்தைத் திறக்கிறார். இனிமேல் செய்யப்போகிறவை என்று எழுதிய பக்கத்துக்குப் பிறகு காலியாக இருக்கும் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தார். புரட்டினால், கல்யாணம், பிறந்தநாள், இரண்டு நாற்காலிகள் என்று அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையின் போட்டோக்கள். எல்லிக்கு ஒரு குறையும் இருந்திருக்கவில்லை.

அப்புறம் அவர் எழுந்து சாமான்களை வெளியே தூக்கிப்போடுகிறார். பாரம் குறைந்தால்தான் வீடு மறுபடி பறக்கும், கெவினை மீட்கத் தனியாகக் கிளம்பிவிட்ட பையனைத் தேடிப்போக முடியும். அந்த இரண்டு நாற்காலிகளை மட்டும் வீசவில்லை. அருவியைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். இந்த இடத்தில் எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் தொண்டை அடைக்கும்.

முன்ட்ஸும் கிழவர்தான். அவரும் ஒரே ஆசையைப் பிடித்துக்கொண்டு காலம் முழுவதும் அங்கேயே கிடந்தவர். ஏவிய வேலையைச் செய்ய நாய்க்கூட்டமே இருக்கிறது, சொந்தம் என்று ஒன்றுகூட இல்லை. ரசல் வராமல் இருந்திருந்தால் கார்லும் அப்படித்தான் முடிந்திருப்பார்.

கடைசியில் பேட்ஜ் விழா. எல்லாப் பையன்களுக்கும் பக்கத்தில் அப்பா. ரசலுக்குப் பக்கத்து இடம் காலி. கார்ல் வந்து நிற்கிறார். சின்ன வயதில் எல்லி தனக்குக் குத்திவிட்ட சோடா மூடியை அவன் பட்டையில் குத்துகிறார்.

[காட்சி: ஒகேனக்கல் பரிசல் துறை, சாயங்காலம்.]

என் அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்த வருடங்களில், இந்தத் துறையில் ஒரு பரிசல்காரர் இருந்தார். எங்களுக்குச் சொந்தமில்லை. சாயங்காலம் வறுத்த மீன் ஒரு துண்டை இலையில் வைத்துக் கொடுத்து, திரும்பி வருகிற பரிசல்களை எண்ணச் சொல்வார். இருபத்தி மூன்று என்பேன். இல்லைடா, இருபத்தி நாலு, அந்தப் பாறைக்குப் பின்னாடி ஒண்ணு வருது பார் என்பார்.

படத்தின் முடிவில் கார்லும் ரசலும் ஐஸ்கிரீம் கடைக்கு வெளியே ரோட்டோரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். டக்கும் கூட இருக்கிறது. கார்கள் போகின்றன. சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று.