சாணத்தை நம்பாத நூறு ஆண்டுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

கொல்லைச் சுவரெல்லாம் வறட்டி காய்ந்த வீட்டில் வளர்ந்தவன் நான். சிவராத்திரியன்று என் பாட்டி பதரையும் வறட்டியையும் அடுக்கித் திருநீற்றுக்கு மூட்டம் போடுவார். நிதானமாகப் புகைந்து ஆறினால் உள்ளே வெள்ளை வெளேரென்று நீறு இருக்கும். எங்காவது காற்றுப் புகுந்து தீ கொழுந்துவிட்டால் அந்த இடத்துச் சாம்பல் கட்டிதட்டிப்போகும். அதைப் பாட்டி பொறுக்கி வேலிக்கு வெளியே எறிந்துவிடுவார். அவர் எறிந்த கட்டிக்கு உறவான ஒன்று தென்னிந்தியத் தொல்லியலை நூறு ஆண்டுகளுக்கு மேல் திணறடித்தது.

பெல்லாரியிலிருந்து ஹொசபேட்டை போகும் சாலையில் குடிதினி என்று ஓர் ஊர். அருகே ஒரு பெரிய சாம்பல் மேடு இருக்கிறது. கர்நாடகத்தின் பெல்லாரி, ராய்ச்சூர் பகுதிகளிலும், அவற்றை ஒட்டிய ஆந்திர, தெலங்கானா நிலங்களிலும் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மேடுகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. சில வெறும் திட்டுகள், சில இரண்டு மாடி உயரம். வெட்டிப் பார்த்தால் மெல்லிய சாம்பல் அடுக்குகளும், இடையிடையே கண்ணாடிபோல் உருகி இறுகிய கசடும் தெரியும்.

அந்த ஊர்க்காரர்களுக்கு இதில் புதிர் ஏதும் இருக்கவில்லை. பீமன் கொன்ற இடும்பனை எரித்த சாம்பல் என்றார்கள். ஹம்பிக்குப் பக்கத்தில் நிம்பாபுரத்து மேட்டை வாலியின் சிதை என்று இன்றும் காட்டுகிறார்கள். கிஷ்கிந்தை அங்கேதான் என்பது அவர்கள் நம்பிக்கை. கதைதான். ஆனாலும் யாரோ எதையோ இங்கே எரித்திருக்கிறார்கள் என்ற அளவுக்கு அந்தக் கதை சரியாகவே சொன்னது.

படித்தவர்கள்தான் தடுமாறினார்கள். சென்னைப் படையைச் சேர்ந்த கேப்டன் நியூபோல்ட் 1843-இல் இந்த மேடுகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதன்பின் ஊகங்கள் பெருகின. எரிமலைக் குழம்பு என்றார்கள், இரும்பு உருக்கிய உலையின் கசடு என்றார்கள். விஜயநகரக் காலத்தில் உடன்கட்டை ஏறிய பெண்களின் சிதைச் சாம்பல் என்றுகூட ஒரு கருத்து எழுந்தது.

இந்தக் கூட்டத்தில் தனித்து நின்றவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். சென்னை நேயர்களுக்கு இவர் அந்நியர் அல்லர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கையில் எடுத்து, இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகுக்குக் காட்டியவர். நிலவியல் அளவைத் துறைக்காரர், கசட்டைப் பார்த்தால் எரிமலையா இல்லையா என்று தெரியும். மேடுகளில் மாட்டு எலும்பும், கையால் வனைந்த பானை ஓடும், தேய்த்து மெருகிட்ட கற்கோடரியும் கிடைப்பதைக் கவனித்தார். இது புதிய கற்கால மக்கள் மாடு அடைத்த இடம், எரிந்தது மாட்டுச் சாணம் என்று சொன்னார்.

எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. சாணம் எரிந்தால் கண்ணாடியாகுமா என்ற கேள்வி இருந்தது. அது நியாயமான கேள்விதான். ஆனால் இவ்வளவு பிரம்மாண்டமான மேட்டுக்கு இவ்வளவு அற்பமான பொருளா காரணம் என்ற கூச்சமும் அதற்குள் ஒளிந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. வறட்டி தட்டிய கை ஒன்று அந்த ஆய்வுக் கூட்டங்களில் இருந்திருந்தால் விவாதம் சீக்கிரம் முடிந்திருக்கும்.

விடை ஆய்வகத்திலிருந்து வந்தது. லண்டனில் தொல்லியல் அறிஞர் ஃபிரெடரிக் சாய்னர் இந்தச் சாம்பலைச் சோதித்து, மூலப்பொருள் சாணமே என்று உறுதி செய்தார். மாடு புல் தின்கிறது. புல்லில் மணலின் சத்தான சிலிக்கா இருக்கிறது. அது செரிப்பதில்லை, சாணத்தோடு வெளியே வருகிறது. பெருங்குவியலாகக் கிடந்து கடும் வெப்பத்தில் எரியும்போது அந்தச் சிலிக்கா உருகிக் கசடாகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1957-இல், பிரிட்டிஷ் தொல்லியலாளர் ரேமண்ட் ஆல்சின் தெலங்கானாவின் உட்னூரில் ஒரு சாம்பல் மேட்டை அகழ்ந்தார். மரக்கம்பங்கள் நட்ட குழிகள் வரிசையாக வெளிப்பட்டன. பட்டியைச் சுற்றிப் போட்ட வேலி அது. பட்டி எரிந்திருக்கிறது, அதே இடத்தில் மறுபடி வேலி கட்டியிருக்கிறார்கள், மறுபடி எரிந்திருக்கிறது. பட்டியின் தரையில் மாட்டுக் குளம்புத் தடங்கள் அப்படியே பதிந்திருந்தன. நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு மாலையில் பட்டிக்குத் திரும்பிய மாடுகள் முட்டி மோதி மிதித்த தடம். எத்தனையோ கல்வெட்டுகளைப் படித்திருக்கிறேன், இந்தத் தடங்களின் படத்தைப் பார்த்தபோது உண்டான சிலிர்ப்பை எதுவும் தரவில்லை.

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த மக்கள் ஏறக்குறைய கி.மு. 3000-க்கும் 1200-க்கும் இடையில் வாழ்ந்தவர்கள். வடமேற்கே ஹரப்பாவில் செங்கல் அடுக்கித் தெருப் போட்ட நாட்களில், தக்காணத்தில் இவர்கள் மாடு மேய்த்தார்கள். அதற்காகக் கைவேலை தெரியாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பெல்லாரிக்கு அருகே சங்கனகல்லு, குப்கல் குன்றுகளில் கருங்கல்லை வெட்டிக் கோடரி செய்யும் பெரிய பட்டறையே நடத்தியிருக்கிறார்கள். அங்கே பாறைகளில் திமில் உயர்ந்த காளைகளைப் பொறித்திருக்கிறார்கள். தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறைகளும் அங்கே உண்டு, அவற்றில் தட்டித் தட்டித் தேய்ந்த குழிகளும் உண்டு. இவர்கள் பயிரிட்டவற்றில் கொள்ளும் பாசிப்பயறும் இருந்தன என்பதைக் கரிந்த விதைகள் காட்டுகின்றன. கொள்ளு ரசம் வைக்கும் வீடுகளுக்கு இவர்கள் தூரத்துச் சொந்தம்.

ஆனால் ஏன் எரித்தார்கள்? இங்கேதான் அறிஞர்கள் பிரிகிறார்கள். ஆல்சின் அதைச் சடங்காகப் பார்த்தார். ஹோலி, பொங்கல் போன்ற விழாக்களில் நெருப்பும் மாடும் சேர்ந்து வருவதை நினைவூட்டினார். புனே தக்காணக் கல்லூரியின் பத்தையா, கர்நாடகத்தின் பூதிஹாளில் 1989 முதல் பல பருவங்கள் அகழ்ந்தபோது, சாம்பல் மேட்டோடு ஒட்டியே குடியிருப்பும், கற்கருவி செய்த இடமும், மாடு அறுத்துக் கூறுபோட்ட தளமும், பானையில் அடக்கம் செய்த குழந்தைகளின் எலும்பும் வெளிப்பட்டன. குவிந்த சாணத்தை அவ்வப்போது கொளுத்தி இடத்தைச் சுத்தம் செய்தது அன்றாட வேலையாகவும் இருந்திருக்கலாம் என்ற பக்கம் இதனால் வலுத்தது. என்னைக் கேட்டால், இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே நம் காலத்துப் பழக்கம். போகியன்று நாம் கொளுத்துவது குப்பையா, சடங்கா?

பூதி என்றால் கன்னடத்தில் சாம்பல். பூதிஹாள் என்ற பெயரிலேயே அந்த மேடு உட்கார்ந்திருக்கிறது. பெயரைப் பார்த்தே ஆய்வாளர்கள் சில இடங்களைத் தேடிப் போகலாம். ஆனால் போய்ச் சேருவதற்குள் மேடு இருக்குமா என்பது வேறு விஷயம். சாலை போட, கல் உடைக்க, வயலுக்கு உரமாக என்று பல மேடுகள் கரைந்துவிட்டன. உரத்துக்கு அள்ளும் விவசாயியை என்னால் முழு மனதோடு கோபித்துக்கொள்ள முடியவில்லை. சாணம் வயலுக்குப் போவது அவருக்குப் புதிய செய்தி அல்லவே. அவர் மண்வெட்டி போடும் இடத்துக்கு இரண்டடி கீழே ஒரு குளம்புத் தடம் இருக்கலாம் என்பதை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

வணக்கம்.