நான்காவது பக்கம்

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் ரேடியோ, டிவி, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பது என் தொழில். பாட்டைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கம்பியும் ஈயமும்தான். சரி, அந்தப் பக்கத்திலிருந்தே பேசுகிறேன்.

ஈப்போவில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தாள். கையில் இரண்டு இசைத்தட்டு அடங்கிய உறை. இங்கிலாந்தின் டெப்பெஷ் மோட் குழு 2023 மார்ச்சில் வெளியிட்ட ‘மெமெண்டோ மோரி’. பேசில்டன் என்ற ஊரில் 1980இல் சேர்ந்த பையன்கள். அன்றிலிருந்து சின்தசைசரைத்தான், அதாவது மின்சாரத்தில் ஒலி உண்டாக்கும் வாத்தியத்தைத்தான், நம்பி வாழ்கிறார்கள். இப்போது டேவ் கஹன், மார்ட்டின் கோர் என்று இருவரே மிச்சம். கூடவே இருந்த ஆண்டி ஃப்ளெட்சர் 2022 மே மாதம் இறந்துவிட்டார். தட்டின் பெயர் லத்தீன். சாவு உண்டென்பதை மறக்காதே என்று அர்த்தம்.

கடை மூலையில் தூசி படிந்த ஒரு பிளேயர் கிடந்தது. ரப்பர் பெல்ட் வெடித்துப் போயிருந்தது. பால்மரத் தோட்டத்தில் பிறந்தவன் கடையில் ரப்பர் இல்லாமல் வேலை நின்றது என்றால் எங்கே போய்ச் சொல்ல! புது பெல்ட் வந்து சேர்ந்ததும் மகளே வயரை எடுத்து ஆம்ப்ளிஃபயரில் ‘ஆக்ஸ்’ என்று போட்டிருந்த ஓட்டையில் சொருகினாள். ஊசி இறங்கியது. சத்தம் ஈனமாக, கீச்சென்று வந்தது.

“என்னப்பா இது, கொசு பாடுற மாதிரி இருக்கு?”

அதில்தான் விஷயமே இருக்கிறது. தட்டில் வெட்டியிருக்கும் கோட்டின் நெளிவுதான் பாட்டு; ஊசி அதில் ஆடிக்கொண்டே ஓடுகிறது. தாழ்ந்த ஒலிக்கு, அதாவது பேஸுக்கு, ஊசி அகலமாக ஆட வேண்டும். அதை அப்படியே வெட்டினால் ஒரு கோடு பக்கத்துக் கோட்டில் போய் முட்டும். அதனால் தட்டை வெட்டும்போதே பேஸைக் குறைத்து, கீச்சு ஒலியைத் தூக்கி வைத்து வெட்டுவார்கள். கேட்கும்போது அதைத் தலைகீழாக்கிச் சரிசெய்ய வேண்டும். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு தூக்குவது என்பதற்கு அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கம் 1954இல் ஓர் அளவு வைத்தது. இன்றைக்கும் அதே கணக்குத்தான். ஆம்ப்ளிஃபயரில் ‘ஃபோனோ’ என்று ஒரு வாய் இருக்கிறதே, அதன் வேலை இது. வயரை அங்கே மாற்றிச் சொருகினேன். கடையின் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. மகள் ஒன்றும் பேசவில்லை, வால்யூமை மட்டும் ஏற்றினாள்.

தட்டில்தான் ஒலி உசத்தி, செல்போனில் கேட்பது பாட்டே இல்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. செல்போனில் சுத்தமாகவே கேட்கிறது. ஆனால் செல்போனுக்கு இடம் ஒரு பிரச்சினை இல்லை, தட்டுக்கு இடம்தான் எல்லாமே. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. வெளி ஓரத்தில் அந்த 1.8 விநாடிக்குள் ஊசி 90 சென்டிமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நடுவே லேபிள் பக்கம் வந்தால் 40 சென்டிமீட்டர்கூட இல்லை. அதே பாட்டை அங்கே நெருக்கி எழுத வேண்டும். கடைசிப் பாட்டில் ‘ச’, ‘ஸ’ எல்லாம் கொஞ்சம் கரகரப்பது இதனால்தான்.

சின்தசைசர் பேஸ் இன்னும் வம்பு. இடது ஸ்பீக்கரிலும் வலது ஸ்பீக்கரிலும் அது வேறு வேறாக வந்தால் ஊசி மேலும் கீழும் குதிக்கும், சில நேரம் கோட்டை விட்டே தாவிவிடும். ஆகவே பேஸை இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒன்றாக, நடுவில் நிறுத்தித்தான் வெட்டுவார்கள். எத்தனை பெரிய கம்ப்யூட்டரில் செய்த இசையாக இருந்தாலும், தட்டுக்குள் வர அந்த ஊசியிடம் பேரம் பேசியே ஆக வேண்டும்.

சிறு வயதில் எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அப்பா தோட்டத்து ஆலையில் ரப்பர் ஷீட் உருட்டினார். கடைசி ரோலரில் வரி வெட்டியிருக்கும். அதில் புகுந்து வரும் ஷீட்டில் கோடு கோடாகப் பதியும், புகை போடும்போது சீக்கிரம் காய வேண்டும் என்பதற்காக. திருவிழாவில் மைக்செட்காரர் வைத்திருந்த தட்டிலும் கோடு. இரண்டும் ஒரே ஆலைச் சரக்கு என்றே நம்பினேன். முழுத் தப்பும் இல்லை பாருங்கள்: இசைத்தட்டும் சூடான பிளாஸ்டிக்கை இரண்டு அச்சுக்கு நடுவே வைத்து அமுக்குவதுதான்.

அப்புறம், மகள் வாங்கி வந்ததற்கு வருகிறேன். பன்னிரண்டு பாட்டு, சுமார் 50 நிமிடம். ஒரே தட்டில் பக்கத்துக்கு 25 நிமிடமாகத் திணித்திருக்கலாம். கோடு நெருங்கும், சத்தம் இறங்கும், பேஸ் மெலியும். அவர்கள் இரண்டு தட்டாக்கி, மூன்று பக்கத்தில் பாட்டை வைத்தார்கள். நான்காவது பக்கத்தில் பாட்டு கிடையாது, செதுக்கிய வேலைப்பாடு மட்டும். பாட்டுகள் எல்லாமே எனக்குப் பிடித்தன என்று சொல்லமாட்டேன், சிலது ஒரே அழுகை. ஆனால் இந்தக் கணக்கு எனக்குப் பிடித்தது.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு வார்த்தை: தட்டைக் காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள், அப்பளம் மாதிரி வளைந்துவிடும். அடுக்கிப் படுக்க வைக்காமல் நிற்க வையுங்கள். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், உறையை அவ்வப்போது திறந்து பாருங்கள்.

ராத்திரி வீட்டில் அந்த நான்காவது பக்கத்தை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள். “ஏங்க, பாட்டே இல்லாத பக்கத்துக்குமா வெள்ளி கொடுத்தா உங்க மக?”

ஆமாம் என்றேன். கையைத் துடைத்துவிட்டு வந்து அவளும் சாய்த்துப் பார்த்தாள்.