தரிசு என்று எழுதப்பட்ட நிலம்

வணக்கம் நேயர்களே. இன்று காலை செபராங் பிறையிலிருந்து பாலம் ஏறி வந்தேன். பாதிப் பாலத்தில் பிடித்த மழை இந்த ஒலிப்பதிவுக் கூடத்து வாசல் வரை விடவே இல்லை. பினாங்கில் அக்டோபர் மாதம் ஒன்றில் மட்டும் பெய்கிற மழை, இந்தியாவின் ராஜஸ்தானில் உள்ள ஜெய்சல்மேரில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட அதிகம். அங்கே வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் பெய்தால் நல்ல வருடம் என்கிறார்கள். நனைந்த சட்டையோடு உட்கார்ந்து அந்த ஊரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நான் இடைநிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். பாலைவனப் பாடம் வரும்போதெல்லாம் வரைபடத்தில் மஞ்சளாகத் தெரியும் இடங்களைக் காட்டி, மழை குறைவு, பயிர் குறைவு, மக்கள் குறைவு என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். எத்தனையோ மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அது பெரும் பிழை என்று, ஓய்வுபெற்ற பிறகு ஜெய்சல்மேர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சில நாட்கள் தங்கியபோதுதான் புரிந்தது. உலகத்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 40 விழுக்காடு வறண்ட நிலம். 200 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் அதில் வாழ்கிறார்கள். ஜெய்சல்மேர் இருக்கும் தார் பாலைவனமோ, உலகப் பாலைவனங்களில் மக்கள் நெருக்கம் மிகுந்தவற்றுள் ஒன்று.

அந்தக் கிராமத்தில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு மரம். உயரம் அதிகமில்லை. சிறு சிறு இலைகள், கிளையில் முள். கேஜ்ரி என்று பெயர் சொன்னார்கள். ஓர் இலைக்கொத்தைக் கையில் வாங்கிப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. அது நம் வன்னி மரம். பிள்ளையாருக்கு இலை சாத்துகிறோமே, பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்து வைத்ததாகச் சொல்கிறோமே, விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கிறதே, அதே வன்னி. நாம் கோயிலில் கும்பிடும் மரத்தை அவர்கள் கும்பிடுவதோடு அதை வைத்தே உயிரும் வாழ்கிறார்கள். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். காயை வற்றலாக்கி வைத்துப் பஞ்ச காலத்திலும் கல்யாணத்திலும் சமைக்கிறார்கள். வேர் ஆழத்துக்குப் போய் நீர் தேடிக்கொள்வதோடு மண்ணுக்குச் சத்தும் சேர்க்கிறது. அதனால் அந்த மரத்தடியிலேயே கம்பு நன்றாக விளைகிறது.

இந்த மரத்துக்காக மனிதர்கள் உயிர் கொடுத்திருக்கிறார்கள். 1730-ஆம் ஆண்டு ஜோத்பூர் அரசரின் ஆட்கள் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வேண்டும் என்று கேஜர்லி என்ற ஊருக்கு வந்தார்கள். அங்கே வாழ்ந்த பிஷ்னோய் மக்களுக்குப் பச்சை மரத்தை வெட்டக் கூடாது என்பது சமய விதி. 15-ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய குரு ஜம்பேஸ்வரர் வகுத்த 29 விதிகளில் அதுவும் ஒன்று. அமிர்தா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மரத்தோடு அவரையும் வெட்டினார்கள். பிறகு அவருடைய மகள்கள், பிறகு ஊரார். மொத்தம் 363 பேர். செய்தி அறிந்த அரசர் வெட்டுவதை நிறுத்தி, பிஷ்னோய் ஊர்களில் மரம் வெட்டவும் வேட்டையாடவும் தடை விதித்தார். இதை எங்களுக்குச் சொன்ன வண்டியோட்டி, நேற்று நடந்ததைச் சொல்வதைப் போலச் சொன்னார்.

அப்புறம் தண்ணீர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நமக்குத் தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர். அவர்களிடம் தண்ணீருக்கு மூன்று பெயர்கள் இருக்கின்றன. மழையாக விழுந்து ஓடி, குளத்திலும் தொட்டியிலும் சேர்வது பாலர். பூமியின் ஆழத்தில் கிடப்பது பாதாள நீர். பல இடங்களில் அது உப்பு. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ரேஜாணி. மணலில் இறங்கி, ஆழத்து உப்புநீரோடு கலக்காமல், ஈரமாகவே தங்கிவிடும் நீர் அது. ஜெய்சல்மேர் பக்கம் சில இடங்களில் மணலுக்கு அடியில் ஜிப்சம் படுகை ஒன்று ஓடுகிறது. அதுதான் ஈரத்தைக் கீழே இறங்கவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. அந்தப் படுகை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஓர் ஆள் மட்டும் இறங்கக்கூடிய குறுகிய கிணறு வெட்டுகிறார்கள். பேரி என்றும் குயி என்றும் சொல்கிறார்கள். மணலில் இருக்கும் ஈரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து அதில் ஊறும். ஒரு நாளைக்குச் சில குடங்கள்தான். ஆனால் நல்ல தண்ணீர்.

அதை வெட்டுவது எப்படி என்று கேட்டேன். உள்ளே ஒருவர் குந்தி உட்கார்ந்து தோண்டுவார். கல்லும் மண்ணும் விழுந்தால் தாங்க, தலையில் உலோகப் பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்துக்கொள்வார். ஆழம் கூடக்கூட உள்ளே மூச்சு முட்டும், வெக்கை தாங்காது. மேலே நிற்பவர்கள் கை நிறைய மணலை அள்ளிக் கிணற்றுக்குள் வேகமாக வீசிக்கொண்டே இருப்பார்கள். அந்த மணலோடு மேல்காற்று உள்ளே போகும், உள்ளிருக்கும் வெக்கை மேலே கிளம்பும். கையளவு மணலை விசிறியாக்கிய அந்த அறிவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான்.

காடின் என்று இன்னொரு முறை இருக்கிறது. சரிவான பாறை நிலத்தின் அடிவாரத்தில் நீளமாக ஒரு மண்கரை போடுவது. மழைநீர் ஓடிவந்து கரைக்குள் தேங்கி மண்ணில் இறங்கும். நீர் வற்றியதும் அந்த ஈரத்தை நம்பிக் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அதன் பிறகு ஒரு துளி பாய்ச்சுவதில்லை. பாலிவால் பிராமணர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் போட்ட கரைகளில் இன்னமும் பயிர் விளைகிறது. இங்கே மலேசியாவில் ஒருவர் நாளொன்றுக்கு 200 லிட்டருக்கு மேல் செலவழிக்கிறோம். பினாங்குக்கு வரும் நீரில் பெரும்பகுதி கெடாவிலிருந்து ஓடிவரும் மூடா ஆற்றுடையது. இரண்டு நாள் தண்ணீர்த் தடை என்றால் நம் வீடுகள் என்ன பாடுபடுகின்றன என்று உங்களுக்கே தெரியும்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடந்து போகிறவர்களுக்கு வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம் இல்லையா? அங்கேயும் பந்தல் போட்டு, மண்பானையில் நீர் வைத்து, போவோர் வருவோருக்குக் கொடுக்கிறார்கள். அதற்குப் பியாவு என்று பெயர். ஒரு குடம் நீருக்கு இத்தனை பாடுபடும் ஊரில், முன்பின் தெரியாதவனுக்கும் நீர் உண்டு. எனக்கும் கிடைத்தது.

இப்படிப்பட்ட நிலத்துக்கு அரசாங்கப் பதிவேட்டில் என்ன பெயர் தெரியுமா? தரிசு. பயிர் வரி வராத நிலத்தை எல்லாம் தரிசு என்று எழுதியது வெள்ளைக்காரர் காலத்து வழக்கம். அந்த வழக்கம் பிறகும் போகவில்லை. ராஜஸ்தான் கிராமங்களில் ஓரண் என்ற கோயில்காடுகள் இருக்கின்றன. ஊர்த் தெய்வத்தின் பேரில் விட்ட காடு, புல்வெளி, நீர்நிலை எல்லாம் சேர்ந்தது அது. உள்ளே கோடரி போகக் கூடாது. காய்ந்து விழுந்த சுள்ளியைப் பொறுக்கலாம். ஆடு, மாடு, ஒட்டகம் மேயலாம். பல தலைமுறையாக ஊரார் காத்து வரும் இந்த நிலத்திலும் ஒரு பெரும்பகுதி பதிவேட்டில் வெறும் தரிசுதான்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பிறந்தது செபராங் பிறையில் ஒரு பால்மரத் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்வெட்டுத் தொழிலாளிகள். லயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய மரம், மரத்தடியில் முனியாண்டி கோயில். என் தாத்தா காலத்துக் கோயில் அது. தோட்டம் விற்பனையானபோது வந்த வரைபடத்தில் அந்த இடத்துக்கு எண் மட்டும்தான் இருந்தது. மரமும் இல்லை, சாமியும் இல்லை, மூன்று தலைமுறையாக அங்கே பிறந்து இறந்தவர்களும் இல்லை. காகிதத்தில் இல்லாததை யார் காப்பாற்றுவது? ஓரணின் கதையை அந்தக் கிராமத்துப் பெரியவர் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பவர் வாய் திறக்கும் முன்பே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

தரிசு என்று எழுதிய நிலத்தைக் கொடுப்பது எளிது. இப்போது அது சூரிய மின்சாரத்துக்கும் காற்றாலைக்கும் போகிறது. பலோடி மாவட்டத்துப் பட்லா சூரியப் பூங்கா உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதன் திறன் 2,245 மெகாவாட். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நிலக்கரிப் புகை குறைய வேண்டும், பூமியின் சூடு தணிய வேண்டும். ஆனால் மேய்ச்சல் நிலத்தில் வேலி போட்டு, வன்னி மரங்களை வெட்டி, கண்ணாடித் தகடுகளைப் பரப்பினால் மேய்ப்பவர் எங்கே போவார்? தூசி படியும் தகடுகளைக் கழுவவும் தண்ணீர் வேண்டியிருக்கிறது, அதுவும் தார் பாலைவனத்தில்.

கானமயிலின் துயரமும் இதோடு சேர்ந்தது. ராஜஸ்தானின் மாநிலப் பறவை அது. அங்கே கோடாவண் என்கிறார்கள். ஆண் பறவை 15 கிலோ வரை எடை இருக்கும், பறப்பவற்றுள் மிகக் கனமானவற்றில் ஒன்று. ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் வறண்ட வெளிகளிலும் நடமாடியது. இன்று 150-க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறது, பெரும்பாலானவை ஜெய்சல்மேர் பக்கம். அதற்கு நேர் எதிரே பார்க்கும் பார்வை குறைவு. மின்கம்பி தெரியும்போது மிகவும் நெருங்கிவிடும், கனத்த உடம்பைத் திருப்ப முடியாது. கம்பிகளைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. அது எல்லா இடத்திலும் நடவாத காரியம் என்று அரசாங்கம் சொல்லவே, 2024-இல் உத்தரவு தளர்த்தப்பட்டது.

ஒட்டகத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் ராய்கா மக்கள் மன்னிக்கமாட்டார்கள். பார்வதி களிமண்ணில் விளையாட்டாகச் செய்த ஒட்டகத்துக்குச் சிவபெருமான் உயிர் கொடுத்தார், அதை மேய்க்கவென்றே முதல் ராய்காவைப் படைத்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. ராஜஸ்தான் அரசு 2014-இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்து, 2015-இல் அதை வெட்டுவதைத் தடுக்கவும் மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தவும் சட்டம் போட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் வெளியூர்க்காரர் வாங்க வராததால் விலை விழுந்தது. மேய்க்கப் புல்வெளியும் இல்லை, விற்கச் சந்தையும் இல்லை என்றானதும் இளைஞர்கள் நகரத்துக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். இந்தியாவில் 2012-இல் 4 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சம். ராய்காக்களைக் கேட்டுச் சட்டம் எழுதியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்பது என் கருத்து.

பாலைவனத்தைப் பசுமையாக்குகிறோம் என்று வந்ததிலும் எல்லாமே நன்மையாக முடியவில்லை. சீமைக் கருவேலம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், ராமநாதபுரம் பக்கம் சொந்தம் உள்ளவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதையே தாரிலும் தூவினார்கள். அங்கே அதன் பெயர் விலாயதி பபூல். விலாயதி என்றால் சீமை. இரண்டு ஊராரும் ஒரே பெயரை வைத்து ஒரே தொல்லையை அனுபவிக்கிறார்கள். கால்வாயும் அப்படித்தான். 1958-இல் தொடங்கிய இந்திரா காந்திக் கால்வாய் வயலையும் குடிநீரையும் கொடுத்தது. கூடவே சில இடங்களில் நீர் தேங்கி, உப்புப் பூத்து, நிலத்தையே கெடுத்தது.

ஆள் இல்லாத இடம் என்ற எண்ணம் உலகமெங்கும் உண்டு. அணுகுண்டை வெடித்துப் பார்க்க வல்லரசுகள் தேடிப்போன இடங்களில் பாலைவனம் எத்தனை என்று பாருங்கள்: அமெரிக்காவுக்கு நெவாடா, பிரிட்டனுக்கு ஆஸ்திரேலியாவின் மாரலிங்கா, பிரான்சுக்கு அல்ஜீரியாவின் ரெகான், சீனாவுக்கு லோப் நூர், இந்தியாவுக்கு பொக்ரான். பொக்ரான் இருப்பது ஜெய்சல்மேர் மாவட்டத்தில்தான். மாரலிங்காவில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த பழங்குடி மக்களை அப்புறப்படுத்திவிட்டுத்தான் வெடித்தார்கள். போட்ஸ்வானாவின் கலஹாரியில், சொந்த நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சான் மக்கள் திரும்பிப் போகும் உரிமையை 2006-இல் நீதிமன்றத்தில் வென்றார்கள். ஆனாலும் அங்கே ஆழ்துளைக் கிணறு வைத்துக்கொள்ள 2011 வரை வழக்காட வேண்டியிருந்தது.

சரி, ஓரணுக்கு வருகிறேன். 2024 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், ராஜஸ்தானின் ஓரண்களை எல்லாம் நேரிலும் செயற்கைக்கோள் வழியாகவும் அளந்து வரைபடமாக்கி, அவற்றைக் காடாக அறிவிக்கும்படி உத்தரவிட்டது. ஊர்களில் இதற்கு மகிழ்ச்சியும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. காடு என்று எழுதிவிட்டால் வனத்துறை ஆட்டை உள்ளே விடுமா, சுள்ளி பொறுக்க விடுமா, கோயிலுக்குப் போக விடுமா என்ற பயம். தரிசு என்று எழுதியபோதும் அவர்களைக் கேட்கவில்லை. காடு என்று எழுதும்போதாவது கேட்க வேண்டும் என்கிறார்கள். அதனால் ஊர் ஊராகப் பாதயாத்திரை நடக்கிறது. அதோடு, தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்ததைப் போல ஓரணின் எல்லையை வலம் வருகிறார்கள். எந்தக் கல், எந்தக் குளக்கரை, எந்த வன்னி மரம் வரைக்கும் எல்லை என்று பெரியவர்கள் காட்ட, பிள்ளைகள் பின்னால் நடந்து பார்த்துக்கொள்கிறார்கள்.

எங்கள் முனியாண்டி இப்போது சாலையோரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறார். சாமியை மட்டும்தான் எடுத்து வர முடிந்தது. போன முறை போனபோது என் பேரன், தோட்டம் எங்கே இருந்தது தாத்தா என்று கேட்டான். தாமான் வீடுகளுக்கு நடுவே அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். மரம் நின்ற இடம் எது என்று எனக்கே சரியாகக் காட்டத் தெரியவில்லை.

நன்றி நேயர்களே, வணக்கம்.